கடற்பாசி பருத்தி நோயை நிறுத்துமா? ஒரு போன் அழைப்பும் இருநூறு வருடக் கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். விவசாயம் செய்கிறவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் தாவரவியல் படித்தவர். இப்போது மூன்று ஏக்கர் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறார்.

"சார், இலையில தண்ணி பட்ட மாதிரி புள்ளி விழுது. வட்டமா இல்ல, மூலை மூலையா இருக்கு. ரெண்டு நாள்ல கறுத்துப் போகுது. கடையில காட்டினேன். கடல்பாசி டானிக்னு ஒரு பாட்டிலக் குடுத்து, இத அடிங்க, நோய் நின்னுரும்ங்கிறாங்க. நிக்குமா சார்?"

"நோய் என்னன்னு சொன்னாங்களாப்பா?"

"அதெல்லாம் சொல்லல சார்."

மூலை மூலையாகப் புள்ளி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பருத்தியில் வரும் பாக்டீரியா கருகல் நோய். இலை நரம்பைத் தாண்ட முடியாமல் பாக்டீரியா நரம்புக்கு நரம்பு அடைபட்டு நிற்பதால்தான் புள்ளி கோணமாகத் தெரிகிறது. கிளைக்குப் பரவினால் கிளை கறுக்கும். காய்க்குப் பரவினால் காய் உதிரும், தப்பிய காயிலும் பஞ்சு கறைபடும். இதெல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பாட்டில்? ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் கடற்பாசி என்றால் அகர், ஆல்ஜின், அயோடின், அவ்வளவுதான்.

"நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு நாள் என்று நினைத்தது ஒரு மாதம் ஆகிவிட்டது. படித்ததில் முதலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு பெயர்.

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று சொல்லும் பழுப்புப் பாசிகளில் ஒன்றுக்கு அறிவியல் பெயர் சர்காசம் வைட்டியை. இன்றைய வகைப்பாட்டில் இதை இன்னொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஊர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலும் பழைய பெயர்தான் இருக்கிறது. அந்த 'வைட்' யார் தெரியுமா? ராபர்ட் வைட். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவம் சம்பளத்துக்கு, செடிகொடி மனசுக்கு என்று வாழ்ந்த மனிதர். 1830-களில் பாளையங்கோட்டையில் இருந்தார். தென் தமிழ்நாட்டுச் செடிகளை அவர் சேகரித்த அளவுக்கு அந்தக் காலத்தில் வேறு யாரும் சேகரித்திருப்பார்களா என்பது சந்தேகமே. அவருடைய பெரிய படத் தொகுதிகளுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். ரங்கையாவின் பெயரை ஒரு செடிப் பேரினத்துக்கே 'ருங்கியா' என்று வைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் கண் விரியும்.

வைட் சேகரித்த கடற்பாசிகளை எடின்பரோவில் இருந்த கிரெவில் என்ற அறிஞர் ஆராய்ந்தார். 1848-ல் வெளியான அந்தப் புதிய இனத்துக்கு வைட்டின் பெயர் வந்தது.

சரி, இதற்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதே ராபர்ட் வைட்தான் 1842-லிருந்து கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் அரசுச் சோதனைப் பண்ணைகளுக்குத் தலைவர்! மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீள இழைப் பருத்தி வேண்டும். அதை இந்தியாவிலேயே விளைவித்துவிடலாமா என்று கம்பெனிக்கு ஆசை. 1853-ல் அவர் ஊர் திரும்பும் வரைக்கும் அந்த ஆசை கம்பெனி நினைத்த அளவுக்கு நிறைவேறவில்லை. நம் விவசாயி அப்போது அமெரிக்கப் பருத்தியைப் பெரிதாக ஏற்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1900-களின் தொடக்கத்தில், அதே அமெரிக்க இனத்தைச் சேர்ந்த 'கம்போடியா' பருத்தி வந்தது. இது நிலைத்துவிட்டது. நம் பெரியவர்கள் வாயில் நுழைந்த எம்.சி.யு. ரகங்களின் விரிவு 'மெட்ராஸ் கம்போடியா உகாண்டா' என்பதுதான். இன்று கடையில் வாங்கும் பி.டி. விதைகளும் பெரும்பாலும் அந்த அமெரிக்க இனத்தின் வாரிசுகளே.

இங்கேதான் நோயின் கதை நுழைகிறது. 1891-ல் அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் என்பவர் இந்தக் கோணப் புள்ளியைப் பதிவு செய்தார். இது பாக்டீரியாவின் வேலை என்று 1901-ல் எர்வின் ஸ்மித் விளக்கி அதற்குப் பெயர் வைத்தார். நம் மாகாணத்தில் 1918-ல் பதிவானது. இந்தப் பாக்டீரியா விதையோடும் விதைமேல் ஒட்டிய பஞ்சோடும் பயணம் செய்யும். மழையும் காற்றும் அதை இலைக்கு இலை தெறிக்க வைக்கும்.

என் அப்பா கருங்கண்ணி போட்டவர். அவர் காட்டில் இந்த நோயை நான் பார்த்த ஞாபகமே இல்லை. சின்னப் பையன் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது படித்தபின் காரணம் தெரிகிறது. கருங்கண்ணி போன்ற நம் ஆசியப் பருத்திகளுக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே அதிகம். அமெரிக்க இனத்துக்குக் குறைவு. நாம் நீளமான இழையை வாங்கினோம், கூடவே ஒரு பலவீனத்தையும் வாங்கிக்கொண்டோம். அதில் தவறு என்று சொல்லவில்லை. கருங்கண்ணியின் குட்டை இழையை வைத்து இன்றைய ஆலை ஓடாது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்ற கணக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி பாசியின் பக்கம் வருவோம்.

கடற்பாசியை உரமாகப் போடுவது உலகம் முழுக்கக் கடற்கரைக்காரர்களின் பழைய வழக்கம். அயர்லாந்தின் அரான் தீவுகளில் வெறும் பாறைதான், மண்ணே கிடையாது. அந்த மக்கள் கடல் மணலையும் பாசியையும் அடுக்கடுக்காகப் பாறைமேல் பரப்பி, மண்ணையே உண்டாக்கி உருளைக்கிழங்கு விளைவித்தார்கள். 1934-ல் பிளாஹர்ட்டி எடுத்த 'மேன் ஆஃப் அரான்' படத்தில் அந்த உழைப்பைப் பார்க்கலாம். நம் கடற்கரையிலும் ஒதுங்கிய பாசியைத் தென்னைக்குக் குழியில் போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் ஈரப் பாசி கனம். கடற்கரையிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிறவனுக்கு வண்டி வாடகைக்கே கட்டாது. அதைப் பாட்டிலில் அடைத்த கதை இங்கிலாந்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் சணல் கிடைக்கவில்லை. பாசியிலிருந்து நார் எடுக்க முடியுமா என்று பார்த்தவர்களில் ரெஜினால்ட் மில்டன் என்ற உயிர்வேதியியலாளர் ஒருவர். நார் சரிவரவில்லை. ஆனால் காரம் சேர்த்து, அழுத்தத்தில் சூடாக்கி, பாசியைக் கரைசலாக்கும் வழி அவர் கைக்கு வந்தது. 1947 வாக்கில் கரைசல் தயார். 1952-ல் காப்புரிமை. அவரோடு சேர்ந்து அதைச் சந்தைக்குக் கொண்டுபோன ஸ்டீபன்சன் தொழிலால் ஒரு கணக்காயர்! விவசாயத்தில் பாசி பற்றி அவர் 1968-ல் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது.

இந்தக் கரைசலை அடித்த விவசாயிகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "பயிர் செழிப்பா வருது. அது மட்டுமில்ல, நோய் நொடியும் குறையுது." விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவர்கள் நம்பாததிலும் நியாயம் இருந்தது. கரைசலில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அது எப்படி நோயைத் தடுக்கும் என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருடம் இது 'விவசாயி சொல்கிறார், விஞ்ஞானி சிரிக்கிறார்' என்ற நிலையிலேயே கிடந்தது.

பதிலின் முதல் துண்டு 2000-ல் பிரான்சிலிருந்து வந்தது. பழுப்புப் பாசிகளில் லாமினாரின் என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நமக்கு மாவுச்சத்து போல அது பாசிக்குச் சேமிப்பு. அதைப் புகையிலை இலைக்குள் செலுத்தினார்கள். பிறகு அழுகல் நோய் உண்டாக்கும் எர்வினியா என்ற பாக்டீரியாவை விட்டார்கள். நோய் குறைந்தது. காரணம் என்ன? பயிரைத் தாக்கும் பல பூஞ்சணங்களின் தோலில் இதே போன்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. லாமினாரினைக் கண்ட செடி, 'எதிரி வந்துவிட்டான்' என்று ஏமாந்து, தன் தற்காப்பு வேலைகளைத் தொடங்கிவிடுகிறது.

இதைப் பள்ளிக்கூடத்துக்காரன் பாஷையில் சொல்கிறேன். 'நாளைக்கு டி.இ.ஓ. வர்றாராம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கரும்பலகைக்குக் கறுப்பு அடிப்போம், வருகைப் பதிவேடு சரியாகும், கழிப்பறை கழுவப்படும். டி.இ.ஓ. வரவே மாட்டார். ஆனால் பள்ளிக்கூடம் தயாராகிவிடும். அதற்குப் பிறகு உண்மையிலேயே யாராவது வந்தாலும் மாட்ட மாட்டோம். லாமினாரின் என்பது அந்தப் பேச்சு மாதிரி. எதிரியைக் கொல்வதில்லை, செடியை உசுப்பிவிடுகிறது.

இந்த உவமையிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. டி.இ.ஓ. ஏற்கெனவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சைக் கிளப்பி என்ன பிரயோசனம்? இதை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் லாமினாரினைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகவே ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் மரங்களை எரித்தது போலாக்கும் 'தீக்கருகல்' என்ற பாக்டீரியா நோய்க்கு எதிராகவும் ஐரோப்பாவில் அது பயன்படுகிறது.

நம் நாட்டிலும் அதே காலத்தில் வேலை நடந்தது. 2005-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நம் சர்காசம் வைட்டியையிலிருந்து கந்தகம் கலந்த ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமியை அது சோதனைத் தட்டில் வளரவிடாமல் தடுத்தது. இது வேறு வழி. உசுப்புவது அல்ல, நேரடியாக அடிப்பது.

2007-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தார் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே சர்காசம் வைட்டியையிலிருந்து எடுத்த சாறு. அதைப் பருத்தி விதைக்குக் கொடுத்து, பாக்டீரியா கருகல் நோய்க்கு எதிராகச் செடிக்குத் தாங்கும் சக்தி கூடுவதைக் காட்டினார்கள். இதைப் படித்தபோது ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அமெரிக்கப் பருத்தியை இங்கே வேரூன்ற வைக்கப் பாடுபட்டவர் வைட். அந்த இனத்தைப் பிடிக்கும் நோய்க்கு எதிராகச் சோதித்த பாசிக்கு அவர் பெயர். நோய்க்கும் பாசிக்கும் உள்ள உறவு வைட்டுக்குத் தெரியவே தெரியாது. வரலாறு சில சமயம் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறது.

2011-ல் கனடாவில் பாலகிருஷ்ணன் பிரித்திவிராஜ் குழுவினர் வட அட்லாண்டிக் பாசி ஒன்றின் சாற்றை வைத்து இன்னொரு படி போனார்கள். செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற செய்தி செல்லும் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதை பழுதான செடிகளுக்கு, சாறு கொடுத்தும் பாக்டீரியாவிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. சாறு எந்த வழியாக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இதெல்லாம் இப்போது ஏன் முக்கியம்? பாக்டீரியா நோய்க்கு விவசாயி கையில் இருக்கும் ஆயுதங்கள் குறைவு. தாமிர மருந்து ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடி இன்னொன்று. ஸ்ட்ரெப்டோமைசின் என்ன மருந்து என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டுபிடித்த காசநோய் மருந்து. நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது, அது தனிக் கதை. எங்கள் தெருவில் அந்த ஊசியால் பிழைத்தவர்கள் உண்டு. அதே மருந்தைத் தோட்டத்தில் தெளித்துத் தெளித்து, 1970-களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவின் பேரிக்காய்த் தோட்டங்களில் அதற்கு மசியாத கிருமி வந்துவிட்டது. 2021 டிசம்பரில் நம் மத்திய அரசும் இந்த இரண்டு மருந்துகளையும் விவசாயத்தில் தடை செய்ய வரைவாணை வெளியிட்டது. மனிதனைக் காப்பாற்றும் மருந்தை இலைமேல் தெளித்து வீணாக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் மாற்று என்ன என்று விவசாயி கேட்பானே! அந்த இடத்தில்தான் பாசிச் சாறு வந்து நிற்கிறது.

வந்து நிற்கிறது, ஆனால் என்ன பெயரில்? 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, பாசிச் சாறுகளை 'உயிர் ஊக்கிகள்' என்ற வகையில் சேர்த்தார்கள். அதாவது பயிரின் வளர்ச்சிக்கும் தாங்கு சக்திக்கும் உதவும் பொருள். நோய்க்கான மருந்து என்று அல்ல. மருந்து என்று விற்க வேண்டுமானால் அது பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் தனியாக நிரூபித்துப் பதிவு பெற வேண்டும். அந்தக் கடைக்காரர் "நோய் நின்னுரும்" என்று சொன்னது பாட்டிலில் இல்லாத வாக்குறுதி.

என் மாணவருக்கு வருவோம். மறுநாளே போனில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டச் சொன்னேன். ஆனால் அவர் அதற்குள் பாட்டிலை வாங்கி மூன்று ஏக்கருக்கும் அடித்துவிட்டார். பத்து நாள் கழித்துப் போன்.

"சார், நின்னுருச்சு!"

"மழை எப்பப்பா நின்னுச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அடிச்ச மூணாம் நாளு வெயில் வந்துருச்சு சார்."

இந்த நோய்க்கு ஈரம்தான் உயிர். வெயில் காய்ந்தால் தானே அடங்கும். நிறுத்தியது பாட்டிலா, வெயிலா? அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. "ரெண்டு வரிசையாவது அடிக்காம விட்டியாப்பா?" என்றேன். விடவில்லை. விட்டிருந்தால் அந்த இரண்டு வரிசை பதில் சொல்லியிருக்கும்.

ஐம்பது வருடம் விவசாயியின் பேச்சை விஞ்ஞானி நம்பாததற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விவசாயி பொய் சொல்லவில்லை. ஆனால் அடிக்காத வரிசை இல்லை. மைசூரிலும் கனடாவிலும் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சாறு கொடுத்த செடியையும் கொடுக்காத செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இந்த வருடம் அவர் வேறு மாதிரி செய்யப் போகிறார். நோய் கண்ட காட்டின் விதையைத் தொடுவதில்லை. பஞ்சோடு இருக்கும் விதையை அமிலத்தில் நேர்த்தி செய்து, கழுவி, மிதக்கும் விதையைத் தள்ளிவிட்டு விதைப்பது. இது பழைய முறை. இன்றும் இந்த நோய்க்கு எதிரான முதல் வேலி இதுதான். அமிலம் கையாளத் தெரிந்தவர் துணையோடு மட்டும் செய்யுங்கள். பாசிச் சாறு அடிப்பதானால் நோய் வருவதற்கு முன், மழைக்காலம் தொடங்கும்போதே. டி.இ.ஓ. உவமை ஞாபகம் இருக்கிறதல்லவா? முக்கியமாக, நான்கு வரிசையைக் குச்சி நட்டு அடிக்காமல் விடப் போகிறார். தை மாதம் நானே நேரில் போய் எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

முடிப்பதற்கு முன் இன்னொன்று. பாட்டிலுக்குள் இருக்கும் பாசி எங்கிருந்து வருகிறது? மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கும் வேலை. 1986-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். தீவுப் பக்கம் போனாலே தகராறு. அப்படியிருந்தும் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்போம், பாசி வளர இடம் கொடுப்போம் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களுக்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது.

எடுப்பதற்குப் பதில் வளர்க்கலாமே என்று வந்த வெளிநாட்டுப் பாசி கப்பாபைகஸ். பவநகர் உப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பச்சையாகப் பிழிந்து, சாற்றைப் பயிருக்கும் சக்கையைக் கராஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறை கண்டு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமையே பெற்றார்கள். பல குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஆனால் அதே பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும், நல்லது. கரிசல்காட்டுப் பருத்திக்கு மருந்து தேடும் அவசரத்தில் கடல் கெட்டுப்போகக் கூடாது, முங்கி எடுக்கும் பெண்ணின் கூலியும் குறையக் கூடாது. கடையில் பாட்டில் விலை கேட்கும்போது இதையும் ஒரு நிமிஷம் நினையுங்கள்.

ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: தடுக்க உதவலாம். அதற்கு ஆய்வுச் சாட்சி இருக்கிறது. வந்த நோயை நிறுத்தும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். உங்கள் காட்டில் உதவுகிறதா என்று தெரிய வேண்டுமா? நான்கு வரிசையை அடிக்காமல் விடுங்கள்.

உங்களில் யாராவது பாசிச் சாறு அடித்து, அடிக்காத வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். நெல்லோ மிளகாயோ தக்காளியோ, எதுவானாலும் சரி. தவறு இருந்தால் திருத்துங்கள். நாற்பது வருடம் திருத்தியவன், திருத்தப்படுவதில் வெட்கமில்லை. தை மாதக் கணக்கு வந்ததும் எழுதுகிறேன்.